வலிக்கும்போது எடுத்த இரத்தம்

என் சின்ன மகளுக்கு இந்தக் கிழமை முழுவதும் என்மேல் கோபம். காலையில் கோதுமைப் பாண் துண்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "வயித்துக்க குத்தும் எண்டு தெரிஞ்சும் ஏனப்பா தாறீங்கள்?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு அழுது அழுது தின்கிறாள். மூத்தவன் தங்கச்சியைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், தன் பாணை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவான்.

பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. இதை வாயால் சொல்ல வெளிக்கிட்டால் நடுவில் நின்றுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் வாசியுங்கள். இதே மாதிரி வயிற்று வருத்தம் உள்ள வேறு பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

எனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். நாங்கள் வட்டக்கச்சியில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு இறங்கி வன்னிக்கு வந்தவர்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் குடிசையை ஒட்டிய வாய்க்காலில்தான் ஓடும். ஆனால் அது போய்ப் பாய்ந்த வயல்கள் மற்றவர்களுடையவை. அப்பா அந்த வயல்களில் கூலிக்கு வரம்பு கட்டினார், நாற்று நட்டார், அரிவு வெட்டினார். வீட்டுக்கு வந்து ரொட்டி சாப்பிட்டார். சுற்றிவர நெல் விளைந்த ஊரில் நாங்கள் மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி தின்றதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது யாருக்கும் புதினமாகத் தெரியவில்லை. தோட்டத்தில் மாவுக்குப் பழகிய வாய். இங்கேயும் நிவாரணமாகச் சங்கக்கடையில் கிடைத்தது மாதான். அம்மா சுடும் ரொட்டி தடிப்பாக, ஓரம் கருகி, தேங்காய்ப்பூ வாசத்தோடு இருக்கும். மிளகாய் இடித்த கட்டச் சம்பல் இருந்தால் அப்பா நாலு ரொட்டியை நின்ற நிலையிலேயே முடிப்பார்.

எனக்கும் ரொட்டி பிடிக்கும். ரொட்டிக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை.

என் வயிறு பானை மாதிரி இருக்கும். கை கால்கள் குச்சி மாதிரி இருக்கும். அடிக்கடி வெளிக்குப் போவேன். தொந்தியைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் என்னை "வண்டியன்" என்று கூப்பிட்டார்கள். என்னைவிட வயது குறைந்த பிள்ளைகள் எல்லாம் என் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டார்கள். அம்மா பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார். கோயிலில் நூல் கட்டிப் பார்த்தார். யாரோ சொன்னார்கள் என்று வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி விழுங்க வைத்தார். வேப்பங்கொழுந்து கசந்ததுதான் மிச்சம்.

அந்தச் சமயம் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளை வைத்தியர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர்தான், அங்கே போய்ப் படித்து வேலை செய்தவர். கொஞ்சக் காலம் நம்முடைய பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று வந்திருந்தார். அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி, அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

வைத்தியர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். கண் மடலை இழுத்துப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார்.

"ரொட்டிதாங்கய்யா. நாங்க மலைநாட்டு ஆளுங்க" என்றார் அப்பா.

வைத்தியர் அதை எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார். "கோதுமையில இருக்கிற ஒரு சத்து சில பிள்ளையளின்ர குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. இவருக்கும் அப்பிடி இருக்குமோ எண்டு எனக்குச் சந்தேகம். இரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அந்தச் சோதனை இங்க செய்யேலாது. அடுத்த மாதம் கொழும்புக்கு ஒரு வாகனம் போகும். அப்ப எடுத்து அனுப்புவம்."

அம்மா அந்த நிமிடமே, "அப்ப இனிமே ரொட்டிய நிறுத்திடலாங்களா?" என்று கேட்டார்.

"இல்லையம்மா, நிப்பாட்டிப் போடாதேங்கோ. இரத்தம் எடுக்கிற வரைக்கும் ஒவ்வொரு நாளும் குடுக்க வேணும். எடுத்த பிறகு பாப்பம்."

ஏன் என்று சொல்ல அவருக்கு நேரம் இருக்கவில்லை. வெளியே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற வரிசை கிணற்றடி வரைக்கும் நீண்டிருந்தது. ஏன் என்று கேட்க எங்களுக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழி முழுவதும் அம்மா பேசிக்கொண்டே வந்தார். நான் பாரில் இருந்து கேட்டுக்கொண்டு வந்தேன்.

"ரொட்டிதான் புள்ளைக்கு ஆவலன்னு அவரே சொல்றாரு. அப்புறம் அதையே தினமும் குடுன்னு சொல்றாரு. இது என்ன ஞாயம்?"

"சீமையில படிச்ச டாக்டரு புள்ள. காரணம் இல்லாமச் சொல்லுவாரா?"

"படிச்சிருக்காரு, சரி. அந்தச் சீமையில ரொட்டி தின்னுட்டு ராத்திரி பூரா நெளியிற புள்ளையப் பக்கத்துல போட்டுப் படுத்திருக்காரா?"

அப்பா அதற்குப் பதில் சொல்லாமல் சைக்கிளை மிதித்தார். ஏற்றம் வந்ததால் பேச முடியவில்லை என்று நான் நினைத்தேன். வட்டக்கச்சி வீதியில் ஏற்றம் எதுவும் இல்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வன்னியில் இரத்தச் சோதனை என்றால் அது மலேரியாச் சோதனைதான். வேறு சோதனை எதுவும் எங்களுக்குத் தெரியாது. காய்ச்சல் அடிக்கும்போது போனால் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பார்கள். காய்ச்சல் விட்டபிறகு போனால், "இப்ப எடுத்து என்ன, குளிரக் குளிர வாங்கோ" என்று திருப்பி அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விரல் நுனியில் தழும்பு இருந்தது. வருத்தம் உடம்பில் நிற்கும்போது குத்தினால் பிடிபடும். அவ்வளவுதான் எங்களுடைய அறிவு.

அம்மா அதை வைத்துத்தான் யோசித்தார். அன்று அடுப்படியில் மாவைப் பிசைந்துகொண்டே அப்பாவிடம் சொன்னார். "மலேரியாவுக்குக் காய்ச்சல் நேரத்துல எடுக்கிறாங்க. அது மாதிரி இதுக்கு வலி நேரத்துல எடுக்கணும். அதத்தான் அவரு சொல்லியிருக்காரு. எடுக்கிற அன்னைக்குக் காலையில ரொட்டி குடுத்துக் கூட்டிட்டுப் போவோம். வலி வந்துரும், வருத்தம் புடிபட்டுரும். அதுக்காக மாசம் பூரா புள்ளையச் சாகடிக்கணுமா?"

அப்பா யோசித்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை. இன்றைக்கு நினைத்துப் பார்த்தாலும், தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத ஒன்றை அளக்கிறவருக்கு அது சரியான கணக்குத்தான்.

அதற்கு மேல் அம்மாவிடம் இன்னொரு கவலையும் இருந்தது. இந்த முறை விரலில் குத்துவதில்லை, கையில் ஊசி போட்டு நிறைய எடுப்பார்கள் என்று நேர்ஸ் சொல்லியிருந்தார். "எடுக்கிறதுன்னா உள்ள இருக்கணும்ல" என்றார் அம்மா. என்னைப் பார்த்தால் இரத்தம் இருக்கிற பிள்ளையாகத் தெரியவில்லை.

அடுத்த நாளிலிருந்து எனக்குச் சோறு.

வயல்கார அம்மா ஒருவருடைய வீட்டில் என் அம்மா நெல் அவிக்கப் போனார். அண்டாவில் நெல்லைக் கொட்டி, பனம் மட்டை எரித்து, வெந்ததும் இறக்கிப் பாயில் காயப்போட வேண்டும். கூலியாக உடைந்த குறுனல் அரிசி கிடைத்தது. அந்தக் குறுனல் எனக்கு மட்டும்தான். காலையில் கஞ்சி. மத்தியானம் முருங்கை இலை போட்ட சோறு. பின்னேரம் பொன்னாங்காணி. வாய்க்கால் கரையில் முளைத்த கீரை ஒன்றும் அம்மாவின் கைக்குத் தப்பவில்லை. அப்பாவும் அம்மாவும் அக்காவும் வழக்கம்போல ரொட்டி தின்றார்கள்.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. என்னைவிட நாலு வயது மூத்தவள். என் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வந்து குந்துவாள்.

"ராசா சாப்பிட்டாங்களா? ராசாவுக்கு விசிறி விடட்டுங்களா?"

"போடி."

"அம்மா, சோத்து மூட்டை என்னையப் போடிங்குது."

"அவன் இரத்தம் குடுக்கப் போறவன்டி. நீ குடுக்கிறியா?" என்பார் அம்மா. அக்கா எழுந்து போய்விடுவாள். எனக்குப் பெருமையாக இருக்கும். இரத்தம் கொடுப்பது பரிசு வாங்குவது மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டு யாழ்ப்பாணம் போயிருந்த வைத்தியர் அடுத்த மாதம் வரவில்லை. எங்கோ சண்டை தொடங்கிப் பாதை பூட்டிவிட்டது. கொழும்புக்குப் போகிற வாகனமும் போகவில்லை. மழை பெய்து முடிந்தது. பயிர் தண்டு பருத்துக் குடலை தள்ளி, கதிர் வந்து, அரிவு வெட்டும் காலமும் வந்தது. அது முழுக்க நான் சோறு தின்றேன்.

அந்தப் போகத்தை நான் மறக்க மாட்டேன். வாய்க்காலுக்குள் குதித்து மற்றப் பிள்ளைகளோடு நீந்தினேன். நெற்கதிர் மிதித்துச் சூடடிக்கிற இடத்தில் வைக்கோல் கும்பத்தின் உச்சிக்கு ஏறி அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் கீழே நின்று, "அடேய், இவன் யாரு வீட்டுப் புள்ள?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். வயிறு வற்றிவிட்டது. காற்சட்டைக்குக் கயிறு கட்ட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் "வண்டியன்" என்ற பெயர் மட்டும் மிஞ்சியது, வண்டி இல்லை.

நெல் வெட்டி முடிந்தபிறகு ஆள் சொல்லி அனுப்பினார்கள். வைத்தியர் வந்திருக்கிறார், நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று.

அம்மா விடிய எழும்பி ரொட்டி சுட்டார். அன்றைக்குப் போலத் தடித்த ரொட்டி அதற்கு முன் சுட்டதில்லை. கட்டச் சம்பலும் அரைத்தார். நான் எத்தனையோ நாளாக மணத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தவன். அள்ளி அள்ளித் தின்றேன். அம்மா முன்னால் இருந்து, "தின்னு, இன்னும் ஒன்னு தின்னு" என்றார்.

பாதி வழியிலேயே வயிறு முறுக்கத் தொடங்கியது.

"அம்மா, வலிக்குது."

"வலிக்குதா?" சைக்கிளின் பின்னாலிருந்து அம்மாவின் குரலில் சந்தோசம் கேட்டது. "நல்லா வலிக்குதா? அப்படியே பொறுத்துக்கடா சாமி. இன்னும் கொஞ்ச தூரந்தான். போறதுக்குள்ள வலி நின்னுறக் கூடாது. என்னாங்க, வெரசா மிதிங்க."

அப்பா வெரசாக மிதித்தார். நான் பாரைப் பிடித்துக் குனிந்துகொண்டு, வலியைச் சிந்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

வைத்தியர் என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "பிள்ளை நல்லாத் தேறியிருக்கிறாரே. ரொட்டி குடுத்தனீங்கள்தானே?"

"குடுத்தோங்கய்யா" என்றார் அப்பா. பொய் சொல்லவில்லை. குடுத்துத்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தோம்.

வைத்தியர் என் பக்கம் குனிந்தார். "தம்பி, உமக்கு இப்பவும் வயித்துக்க குத்துறதோ?"

"ஓம்" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அவர் குழம்பிப்போனதை இன்றைக்கு என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. ரொட்டி தின்கிற பிள்ளை தேறியிருக்கிறது. தேறிய பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது. சரி, இரத்தம் சொல்லட்டும் என்று ஊசியை எடுத்தார்.

குழாயில் இரத்தம் ஏறியது. நான் கண்ணை மூடவில்லை. அம்மாவும் மூடவில்லை. நேர்ஸ் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்தபோது அம்மா எட்டிப் பார்த்து, "எம்புட்டுச் சிவப்பா இருக்கு பாருங்க" என்று அப்பாவின் கையைத் தொட்டார். குறுனலும் முருங்கை இலையும் நெல் அவித்த புகையும் எல்லாம் அந்தக் குழாய்க்குள் இருந்தன. நேர்ஸ் அதை மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

முடிவு வர நாள் எடுத்தது. ஒருநாள் நேர்ஸ் சைக்கிளில் எங்கள் படலையடிக்கு வந்து இறங்கினார். "அம்மா, சந்தோசமான கதை. இரத்தத்தில ஒண்டும் இல்லையாம். பிள்ளைக்கு அந்த வருத்தம் இல்லை. ரொட்டி, பாண் எல்லாம் குடுக்கலாமாம்."

அம்மா நேர்சின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெறும் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். அன்று மத்தியானம் எல்லோருக்கும் ரொட்டி. பக்கத்துக் குடிசைகளுக்கும் கொடுத்தார். அக்கா என் கோப்பைக்கு முன்னால் வந்து, "ராசா வேலையவிட்டு நின்னுட்டாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோசமாக எங்கள் வீட்டில் சாப்பிட்டதாக எனக்கு வேறு ஞாபகம் இல்லை.

அடுத்த மழைக்குள் பழைய வயிறு திரும்பி வந்துவிட்டது.

வைத்தியர் அதற்குள் திரும்பிப் போய்விட்டார். இனி யாரும் ரொட்டியைச் சந்தேகிக்கவில்லை. யாராவது கேட்டால் அம்மாவே சொல்லுவார்: "அது இல்லைங்க. கொழும்புக்கே அனுப்பி இரத்தத்துல பார்த்தாச்சு." மறுபடியும் பூச்சி மருந்து, மறுபடியும் நூல். பிறகு இடப்பெயர்வு வந்தது. வட்டக்கச்சியை விட்டு ஓடினோம். காட்டோரம் இருந்தோம், மரத்துக்குக் கீழே இருந்தோம். எங்கே போனாலும் மாதான் கிடைத்தது. கடைசியில் வவுனியாவுக்கு வந்து முகாமில் இருந்தபோது காலையில் பாண், இரவில் பாண். எனக்குப் பதின்மூன்று வயது ஆகியும் பார்க்க எட்டு வயதுப் பிள்ளை மாதிரி இருந்தேன். வகுப்பில் மயங்கி விழுந்த ஒரு நாளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ஒரு இளம் பெண் வைத்தியர் மறுபடியும் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். இந்த முறை முடிவு தெளிவாக வந்தது. சீலியாக் என்று பெயர் சொன்னார். முந்தியே ஒருமுறை பார்த்தது, ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள் என்று அம்மா சொன்னார். வைத்தியர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப இரத்தம் எடுக்க முந்திக் கொஞ்சக் காலம் மாச் சாமான் குடுக்காமல் விட்டனீங்களோ?"

"சோறு குடுத்தேங்க. எடுத்த அன்னைக்குக் காலையில ரொட்டி குடுத்தேன்."

"அதுதானம்மா. அந்தச் சத்து உடம்புக்க போய்க்கொண்டே இருக்கேக்கதான் உடம்பு அதோட சண்டை பிடிக்கும். அந்தச் சண்டையின்ர அடையாளத்தைத்தான் நாங்கள் இரத்தத்தில தேடுறது. கனநாள் நிப்பாட்டினால் அடையாளம் அழிஞ்சுபோகும். ஒருநாள் குடுத்தால் திரும்பி வராது."

எனக்கு உடனே விளங்கியது. வயல் ஈரமாக இருக்கும்வரைதான் கால் தடம் இருக்கும். உழுது பரம்படித்து மட்டம் செய்தபிறகு, நேற்று யார் நடந்தது என்று தேடினால் எங்கே தெரியும்?

அம்மா ஒன்றுதான் கேட்டார். "அப்ப நான் சோறு போட்டதாலதான் தெரியாமப் போச்சா?"

வைத்தியர் நல்ல பிள்ளை. "உங்களுக்குத் தெரியாதுதானேயம்மா" என்றார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

முகாமுக்குத் திரும்பும் பஸ்சில் அம்மா யன்னல் பக்கம் இருந்தார். நான் பக்கத்தில். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, தன் விரலால் சுற்றி அளந்து பார்த்தார். விரல்கள் சந்தித்து மேலும் போயின. பிறகு கையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு மா தொட்ட எதையும் என் கோப்பைக்கு அவர் வரவிடவில்லை. ஆனால் எனக்குச் சோறு போடும்போது முன்னால் இருந்து பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். போட்டுவிட்டு வெளியே போய்விடுவார். சாகும்வரை அப்படித்தான்.

இப்போது உங்களுக்குத் தெரியும், ஏன் உங்கள் அப்பா மற்ற அப்பாக்களைவிடக் கட்டை என்று. சின்னவளே, ஏன் உனக்குத் தினமும் பாண் தருகிறேன் என்பதும் விளங்கும். உன் டொக்டரிடம் நான் மூன்று தரம் ஏன் என்று கேட்டேன், அவர் மூன்று தரமும் பொறுமையாகச் சொன்னார். வருகிற கிழமை உன் இரத்தம் எடுப்பார்கள். எடுத்து முடிந்ததும், டொக்டர் நிறுத்தலாம் என்று சொன்ன அன்றே, இந்த வீட்டில் பாண் இருக்காது. அதுவரைக்கும் நீ என்னோடு கோபமாகவே இரு. நான் பொறுத்துக்கொள்வேன். குசினியில் சோறு இருக்கிறது, எனக்கும் தெரியும்.

ஆனால் இதை நான் எழுதியது அதற்காக மட்டும் இல்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வலிக்கும்போது சொல்லுகிறாய். வலிக்காதபோதும் வந்து சொல்ல வேண்டும்.

எனக்கு அது தெரியாமல் போனது. வயிறு என்று ஒன்று இருந்தால் அது எல்லோருக்கும் வலிக்கும், அப்பாவுக்கும் வலிக்கும், அக்காவுக்கும் வலிக்கும், அவர்கள் பெரியவர்கள் என்பதால் சொல்வதில்லை என்றுதான் ஆறு வயதில் நினைத்திருந்தேன். வைக்கோல் கும்பத்தில் ஏறி நின்ற அந்தப் போகத்தில் ஒருநாள்கூட எனக்கு வயிறு வலிக்கவில்லை. அது சொல்ல வேண்டிய ஒரு செய்தி என்று எனக்குப் படவில்லை. வைத்தியர் குனிந்து என்னைத்தான் கேட்டார். இத்தனை நாளும் வலிக்கவில்லை, இன்றைக்கு ரொட்டி தின்றபிறகுதான் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு இரத்தமே தேவைப்பட்டிருக்காது.

அம்மாவிடமும் சொல்லவில்லை. அந்த பஸ்சில் சொல்லியிருக்கலாம்: நீங்கள் சோறு போட்ட அந்த நாட்களில்தான், அம்மா, எனக்கு வலிக்காமல் இருந்தது என்று.